பின்சீட்டில் செத்துக் கிடந்த டர்னிப்

சனிக்கிழமை, மதியம் 1.15.

கான்ஸ்டபிள் மேவிஸ் ஆப்பிள்யார்ட் வந்து சேர்ந்தபோது, ஹேவன்ஸ்விக் கடற்கரையின் கார் நிறுத்தத்தில் ஒரு நீலக் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிவதுகூடத் தெரியாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கொன்னுட்டான் மேடம்! என் டர்னிப்பைக் கொன்னுட்டான்!"

அலறியவள் ஜாஸ்லின் துவெய்ட். நாற்பது வயது, பஸ் டிரைவர். அவள் விரல் நீண்டிருந்தது தன் புருஷன் டெஸ்மண்டை நோக்கி. அவன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றான்.

பின்சீட்டில் ஒரு கம்பிக் கூண்டு. அதன் மேல்தட்டில் தொங்கிய துணித்தொட்டிலில் கீரி போலிருக்கும் வளர்ப்புப் பிராணியான ஃபெரெட் ஒன்று, பழுப்பு நிறம், வினிகர் என்று பெயர், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கீழே, தூங்குவதற்கென்று தைத்த துணிப்பைக்கு வெளியே பாதி உடம்பு நீண்டு கிடந்தது ஒரு வெள்ளை ஃபெரெட். அதுதான் டர்னிப். கீரிப்பிள்ளையைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல உடம்பு, மூடிய கண்கள்.

மேவிஸுக்கு யாரையும் முதல் பார்வையில் நம்பும் வழக்கம் கிடையாது. சொந்தக் கைக்கடிகாரத்தையே தேவாலய மணியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளும் ஆள். செத்த ஃபெரெட்டுகள் என்று சொல்லப்படுகிறவற்றில் பாதி தூங்கிக்கொண்டிருப்பவை என்பதும் அவளுக்குத் தெரியும். உலுக்கினாலும் எழாத கும்பகர்ண ஜாதி.

அதனால் வெள்ளையை எடுத்து, சீருடையின் கறுப்புக் கையோடு அணைத்து, நெஞ்சில் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் ரோமத்துக்குள் நகம் மறையும்வரை புதைந்தது. ஈரம். சில்லிப்பு. துடிப்பு இல்லை. மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"ஏன் ஈரமா இருக்கு?"

"ஐஸ் பாட்டில் பக்கத்துல படுத்திருந்தா" என்று விசும்பினாள் ஜாஸ்லின். "வெயில்ல கார்ல கூட்டிட்டு வந்தா எல்லாரும் வைக்கறதுதானே மேடம்."

துண்டு சுற்றிய பிளாஸ்டிக் பாட்டில் கூண்டின் மூலையில் இருந்தது. மேவிஸ் அதை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே முஷ்டி அளவு பனிக்கட்டி கடகடவென்று உருண்டது. அப்படியே திரும்ப வைத்தாள்.

1.25.

முதலில் டெஸ்மண்ட்.

"காரை எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?"

"பன்னெண்டு முப்பத்தஞ்சு. சுவரோரமா, நிழல்ல."

"ஜன்னல்?"

"பின்னாடி ரெண்டையும் ரெண்டு விரல் அளவுக்குத் திறந்துதான் வச்சேன். சத்தியமா."

"நான் வந்து பார்க்கும்போது மூடியிருந்ததே."

"அதான் எனக்கும் புரியல."

"பொய்!" ஜாஸ்லின் நடுவில் பாய்ந்தாள். "பதினாலு வருஷம் டெஸ்! பால் வாங்கிட்டு வான்னா பத்திரிகையோட வருவ. இன்னிக்கு உன் மறதி ஒரு உயிரையே எடுத்துடுச்சு. இதோட முடிஞ்சுது. திங்கக்கிழமை வக்கீலைப் பார்க்கறேன்."

டெஸ்மண்ட் இரண்டடி தள்ளி வந்தான். பிறகு மேவிஸிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்: "ஆறு மாசமா சண்டை மேடம். ரெண்டு நாள் வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்து கடலோரமா இருந்தா சரியாயிடும்னு நெனச்சோம். நாளைக்கு இங்க ஃபெரெட் கண்காட்சி வேற. அதான் எல்லாருமா கிளம்பினோம்."

பூட்டிய காரில் விலங்கைச் சூட்டில் விட்டுக் கொன்றால் அது வழக்கு. மேவிஸ் எழுத வேண்டியது ஒரு தாள்தான். அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போனால் டெஸ்மண்டின் வேலையோடு குடித்தனமும் போகும். எதிரில் நிற்பவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. மேவிஸ் பேனாவை மூடி வைத்துக்கொண்டாள்.

1.35.

அடுத்தது ஐவி, டெஸ்மண்டின் தங்கை. கறுப்பு ஸ்வெட்டர் முழுக்க வெள்ளை ரோமம் அப்பிக்கிடந்தது.

"சாப்பாட்டு நேரத்துல நீங்க கார் பக்கம் வந்தீங்களா?"

"இல்லையே. நாலு பேரும் வறுத்த மீன் கடையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தோம்."

"இந்த ஸ்வெட்டர் காலையிலேர்ந்தே உங்க மேலதான் இருக்கா?"

"ஆமா... இல்ல... நடுவுல கழட்டி வச்சேன். கடல் காத்துல குளிருச்சு, திரும்ப எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

ஐவியின் முகம் சிவந்தது. டெஸ்மண்ட் தலையில் கை வைத்தான். சாவியைக் கொடுத்தது அவன்தான்; அதையும் மறந்திருந்தான்.

"சரி, வந்தேன். பன்னெண்டு ஐம்பதுக்கு. ஒரு கடல்காக்கா ஜன்னல் இடுக்குல மூக்கை விட்டு சிப்ஸ் பாக்கெட்டைக் கொத்திக்கிட்டிருந்துச்சு. விரட்டிட்டு மூடினேன். திறந்து விடணும்னு தோணல. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அடிப்பாவி!" என்றாள் ஜாஸ்லின்.

"நான் ஒண்ணும் வேணும்னு செய்யல அண்ணி. அதுங்களைக் கண்டா எனக்கு ஆகாதுதான், இல்லேங்கல. கூட வந்ததே ஓசிக்குக் கடல் பார்க்கத்தான். காலையில வண்டியில ஏறினதும் அந்த வெள்ளைச் சனியனை நீங்கதானே என் மடியில போட்டீங்க? ரெண்டு வாரமா கொத்துக்கொத்தா கொட்டுது. என் ஸ்வெட்டர் இனிமே குப்பைக்குத்தான்."

இப்போது கூட்டத்தின் பார்வை ஐவி பக்கம் திரும்பியது. மேவிஸின் பார்வை அவள் ஸ்வெட்டரிலேயே தங்கியது. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

1.45.

மூன்றாவது ஆள் நோரிஸ் ஹட்டர்ஸ்லி. அறுபது வயது. நாற்பது வருஷமாக முயல் வேட்டைக்கு ஃபெரெட் வளர்ப்பவர்; டர்னிப்பை ஜாஸ்லினுக்கு விற்றவரும் அவரே. தன் வேனில் பின்னாலேயே வந்தவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இவ அக்காக்காரி ஜனவரியில போனா. இப்ப இவளும் போயிட்டா. என் வம்சமே முடிஞ்சுதும்மா."

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"ஜாஸ்லின் பக்கத்து நாற்காலியில. ஒரு நிமிஷம்கூட எழுந்திரிக்கல. வேணும்னா கேட்டுப் பாரு."

ஜாஸ்லின் தலையாட்டினாள். "அவரை ஏன் மேடம் கேக்கறீங்க? வழியில டீக்கடையில நிறுத்தினப்பக்கூட, நீங்க போய் உக்காருங்க, நான் கூண்டுல தண்ணி மாத்தி துணி மாத்தறேன்னு அவர்தான் நின்னார். இதோ, குழிகூட அவரே தோண்டறேங்கறார்."

"எங்க?"

"என் தோட்டத்துல" என்றார் நோரிஸ். "இந்த வெயில்ல வச்சிருக்கக் கூடாதும்மா. ஒரு பெட்டியில போட்டு நான் இப்பவே கொண்டு போயிடறேன். கண்காட்சி பார்க்க எனக்கும் மனசில்ல."

"டீக்கடையில எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?"

"பதினொண்ணு இருபது" என்றான் டெஸ்மண்ட்.

"அதுக்கப்புறம் டர்னிப்பை யாராவது கையில எடுத்தீங்களா?"

எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். பைக்குள் தூங்குகிற ஃபெரெட்டை ஃபெரெட் வளர்ப்பவர்கள் எழுப்ப மாட்டார்கள். நாளில் முக்கால் பங்கு அவை தூங்கத்தான் செய்யும்.

"இன்னொரு கேள்வி, மிஸஸ் துவெய்ட். டர்னிப்புக்கு டாக்டர்கிட்ட ஏதாவது நாள் குறிச்சிருக்கா?"

ஜாஸ்லின் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "திங்கக்கிழமை ஆபரேஷன், கர்ப்பப்பை எடுக்க. அவ இதயம் பலவீனம், குட்டி போட்டா தாங்கமாட்டான்னு டாக்டர் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கேட்டேன்."

1.55.

மேவிஸ் கூண்டைத் திறந்து வினிகரைத் தூக்கினாள். கொட்டாவி விட்டபடியே அது அவளுடைய கறுப்புக் கையில் ஏறிக் கழுத்து வரை போய்த் திரும்பியது. அதைக் கூண்டில் விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வினிகர் ஏறிய வலது கை பழுப்பு ரோமத்தால் போர்த்தியிருந்தது. இடது கை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"செத்துப்போன வெள்ளையை நான் இடது கையோட அணைச்சுப் பிடிச்சிருந்தேன். ஈர ரோமம் வேற, ஒட்டியிருக்கணும். ஒரே ஒரு ரோமம்கூட இல்ல."

"அதனால?" என்றாள் ஐவி.

"இது ஜூன் மாசம். எல்லா ஃபெரெட்டும் குளிர்கால ரோமத்தைக் கொட்டித் தீர்க்கற காலம். காலையில டர்னிப் உங்க ஸ்வெட்டரை என்ன பாடு படுத்தியிருக்குன்னு பாருங்க. இதுக்கோ ரோமம் அடர்த்தியா, விரல் புதையற மாதிரி, உறுதியா இருக்கு. இது ஜனவரியில போட்டிருந்த சட்டை."

நோரிஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐஸ் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ள கட்டி உருளுது. ஐஸே உருகாத சூட்டுல ஃபெரெட் எப்படிச் சாகும்? மேல படுத்திருந்த வினிகர் கொட்டாவி விட்டுக்கிட்டிருக்கு. ஜன்னலை மூடினது தப்புதான் ஐவி, ஆனா அது யாரையும் கொல்லல. இந்த ஈரமும் சில்லிப்பும் பாட்டில்லேர்ந்து வந்தது இல்ல. உறைஞ்சு கிடந்த உடம்பு இளகினதால வந்தது. மிஸ்டர் ஹட்டர்ஸ்லி, முயல் பிடிக்கறவர் வீட்டுல ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்குமே?"

"இருக்கும். அதுக்கென்ன?"

"ஜனவரியில செத்த அக்காவை எங்க புதைச்சீங்க?"

அவர் கடலைப் பார்த்தார்.

"மீன் கடையில ஒரு நிமிஷம்கூட நீங்க எழுந்திரிக்கல, சரிதான். எழுந்திரிக்க வேண்டிய அவசியமே இல்ல. பதினொண்ணு இருபதுக்கே துணி மாத்தறேன்னு ஆளையே மாத்திட்டீங்க. கண் மூடின வெள்ளை ஃபெரெட் ஒண்ணு, அதுவும் கூடப்பிறந்தது, பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியாது. அழுதுக்கிட்டிருக்கற வளர்த்தவளுக்கு எங்க தெரியப்போகுது? குழி தோண்டற சாக்குல அத்தாட்சியையும் கொண்டு போயிடலாம். எல்லாம் சரியா யோசிச்சீங்க. நாப்பது வருஷமா ஃபெரெட் வளர்க்கறவர் ரோமத்தை மட்டும் மறந்துட்டீங்களே. வேனைத் திறங்க."

"வலையும் மண்வெட்டியும்தான் இருக்கு."

"அதையும் பார்க்கறேன்."

வேனில் வலையும் மண்வெட்டியும்தான் இருந்தன. வலைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. மூடியில் காற்றுத் துளைகள். மேவிஸ் திறந்ததும் உள்ளே சுருண்டிருந்த வெள்ளைப் பந்து ஒன்று தலை தூக்கி, சிவப்புக் கண்களால் எரிச்சலோடு முறைத்தது. எடுத்த வேகத்தில் ரோமம் பஞ்சாய்ப் பறந்து நோரிஸின் கோட்டெல்லாம் ஒட்டியது.

"டர்னிப்!" ஜாஸ்லின் அதைப் பிடுங்கிக் கழுத்தோடு வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

நோரிஸ் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு ஈத்து குட்டி எடுத்துக்கறேன்னுதான் ஜாஸ்லின்கிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டா. திங்கக்கிழமைக்கு அப்புறம் அந்த வழியே அடைஞ்சுடும். எங்க அப்பா காலத்து ஜாதி மேடம் அது." மூக்கை உறிஞ்சினார். "அக்காக்காரி செத்தப்ப மண்ணு கல்லா உறைஞ்சு கிடந்துச்சு. கடப்பாரைகூட இறங்கல. முயலோட முயலா வச்சேன். அப்புறம் எடுத்துப் புதைக்க மனசு வரல."

"டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். குட்டி போட்டிருந்தா இவ செத்திருப்பா."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க."

மேவிஸுக்கு அதுவரை அவர்மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அந்தப் பதிலோடு அதுவும் போனது. திருட்டுக் குற்றம் என்று சொல்லி, செத்த ஃபெரெட்டை அத்தாட்சியாக மரப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவரை ஜீப்பில் ஏறச் சொன்னாள். கூட்டம் கலைந்தது. ஐவி யாரிடமும் சொல்லாமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

2.05 என்று நோட்டில் குறித்துக்கொண்டு மேவிஸ் நிமிர்ந்தபோது, ஜாஸ்லின் டர்னிப்பைக் கூண்டில் விட்டுவிட்டுப் புருஷன் எதிரில் வந்து நின்றிருந்தாள்.

"டெஸ். மன்னிச்சுடுப்பா. கோபத்துல என்னென்னவோ பேசிட்டேன். ஏறு, கேரவனுக்குப் போகலாம். சாயங்காலம் உனக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது பண்றேன்."

டெஸ்மண்ட் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன் ஜாஸ். இவ நிஜமாவே செத்திருந்தா?"

பொய் சொல்லலாமா என்று ஜாஸ்லின் ஒரு கணம் யோசித்தது மேவிஸுக்குத் தெரிந்தது. விசாரணையில் எத்தனையோ முகங்களில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஜாஸ்லின் பொய் சொல்லவில்லை.

"உன்னை விட்டுட்டுப் போயிருப்பேன்."

"ஜன்னலைத் திறந்துதான் வச்சேன்னு நான் சத்தியம் பண்ணியும்?"

"ம்."

அவன் தலையை ஆட்டினான். குரலில் கோபம் துளிக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று மேவிஸுக்குத் தோன்றியது. கார்ச் சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அவனே மடக்கிவிட்டான்.

"வீட்டுக்கே போவோம். திங்கக்கிழமை வக்கீல்கிட்ட நானும் வரேன்."