லொயிசோஸ் கடையின் பின்கதவு

கிரேக்கர் பாதி, துருக்கியர் பாதி என்று சுவர் வைத்துப் பிரித்த நிக்கோசியாவில் சுவரோரக் கடைகளுக்கு வாடகை குறைவு. பின்பக்கம் மணல்மூட்டை, அதற்கப்பால் ஐ.நா. சிப்பாய்களும் பூனைகளும் மட்டுமே நடமாடும் செத்த சந்து. "திருடன்கூட இந்தப் பக்கமா வரமாட்டான்" என்பார் லொயிசோஸ். துணிக்கடையின் இருட்டையும் ஒரு வசதியாகப் பேசி விற்றுவிடும் வாய் அவருக்கு.

பல வருஷம் பூட்டிக்கிடந்த எல்லைக் கதவைத் திறந்துவிட்ட வசந்தத்தில், கடை சாத்தும் பொழுதுக்கு ஒரு துருக்கிக்காரி படியேறினாள். ஐம்பதைத் தொட்டிருப்பாள். மறந்துபோன கிரேக்கத்தைத் தேடித்தேடிப் பேசினாள்.

"லொயிசோ மாமா, அடையாளம் தெரியுதா? தையல்கார ஹுலுசியோட மக, செவ்குல்."

துணி அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. வியாபாரியின் வாய் மட்டும் நிற்கவில்லை.

"அடடே! இத்துனூண்டா இருந்தியே! உக்காரும்மா. காபி எது, உங்க காபியா, எங்க காபியா?"

"ஒரே கொட்டைதானே மாமா, பேருதானே வேற." சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் வற்றிவிட்டது. "அம்மா போன மாசம் போயிட்டா. கலவரத்தன்னிக்கு அப்பா எங்களை விட்டுட்டு லண்டனுக்கு ஓடிட்டாரு, அங்க ஒருத்தியோட இருக்காருன்னு ஊரெல்லாம் பேச்சு. அம்மா சாகிறவரைக்கும் அவரைச் சபிச்சுக்கிட்டே கிடந்தா. அன்னிக்கு நீங்க அவரைப் பார்த்தீங்களா? செத்திருந்தா எலும்பு எங்கேன்னு கேக்க வரலை மாமா. ஓடிப்போகலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கலவரத்தன்று கடை முன்வாசலில் துருக்கியரைத் தேடித் துப்பாக்கியோடு நின்றவர்கள் லொயிசோஸின் இனத்துக் கிரேக்கப் பையன்கள். பின்கதவில் மோதிரத்தால் தட்டும் ஓசை. 'லொயிசோ, திறடா' என்று ஹுலுசியின் குரல். லொயிசோஸ் பூனைபோல நடந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு ராணுவம் அந்தக் கதவின்மேல் செங்கல் வைத்துப் பூசிவிட்டது.

தட்டுவதை மட்டும் யாராலும் பூச முடியவில்லை. பொழுது சாயும்போதெல்லாம் கேட்கும்.

"நானா? அன்னிக்குக் கடையே திறக்கலையேம்மா" என்றார்.

டொக்.

துணிச் சுருள்களுக்குப் பின்னால். ஈரச் சுண்ணாம்பு வாடை கடைக்குள் பரவியது.

டொக். டொக்.

செவ்குல் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "அப்பா மோதிரத்தாலதான் தட்டுவாரு."

"எலிம்மா. பழைய சுவரு, கேக்கணுமா?" கல்லாவில் நின்று சிரிக்கும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு லொயிசோஸ் ரேடியோவின் காதைத் திருகினார். யாரோ உரக்கப் பாடினார்கள். பாட்டின் அடியில் அது தட்டிக்கொண்டேயிருந்தது.

வேகமில்லாமல். கோபமில்லாமல். திறப்பார்கள் என்று நம்பித் தட்டுகிறவனைப் போல.

செவ்குல் அவரையே பார்த்தாள்.

"எலிக்கு இவ்வளவு பொறுமையா, மாமா?"

காபியைத் தொடாமலே படியிறங்கிப் போனாள்.

அவள் தெருமுனையைத் தாண்டியதும் தட்டுவது நின்றது. லொயிசோஸ் ரேடியோவை அணைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் ஒருநாளும் இப்படி அடங்கியதில்லை. வேலை முடிந்து ஒருவர் கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டதைப் போன்ற அமைதி.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். எல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய முதுகு தெரிந்தது.

"அவரு ஓடிப்போகலைம்மா! என் கதவுலதான் நின்னாரு! நான்தான் திறக்கலை!"

நெஞ்சு வெடிக்கக் கத்தினார். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற காவல்காரன்கூடத் திரும்பவில்லை.

தன் குரல் தன் காதிலேயே விழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தார். ஜன்னலில் வெளிச்சம். கதவைத் தட்டினார்.

ஓசை எழவில்லை.

முட்டியால் இடித்தார். கல்லெடுத்து மோதினார். பஞ்சுமூட்டையில் அடிப்பதுபோல் இருந்தது. விரலில் ரத்தம் கசிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி எலெங்கூவின் காலடி. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு, வாசல்வரை தெளிவாகக் கேட்ட அவளுடைய குரல்:

"ஐயோ, ஹுலுசியண்ணே, நீங்களா! வாங்க, உக்காருங்க. எவ்வளவு நாளா வெளியிலயே நின்னுக்கிட்டிருக்கீங்க?"