ஐந்து தொண்டை, ஒரே வைரஸ்

"அய்யோ... மிதிக்காதீங்க! கீழே ஆள் கிடக்குது!"

ஆஸ்பத்திரி வாசலில் எழுந்த அலறல் யார் காதிலும் ஏறவில்லை.

இரும்புக் கேட் சாய்ந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

எல்லாம் அடங்கியபோது, கேட்டுக்கு அடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் கிடந்தார். மூச்சு இல்லை. விரல்களுக்குள் டெஸ்ட்டுக்கு வாங்கிய டோக்கன் மட்டும்... கசங்காமல்!

காலையிலிருந்து டி.வி.யில் ஓடிய ஒற்றை வரி செய்த வேலை அது.

'வைரஸ் உருமாறிவிட்டது! ஐந்து ஊர்களில் ஐந்து பேர்!'

மறுநாள் மத்தியானம். வைரஸ் ஆராய்ச்சிக்கூடம்.

"மேடம், பச்சையாவே கேக்குறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "வைரஸ் மாறிட்டா நம்ம கதை முடிஞ்சுதா? என் வீட்டுக்காரி எனக்கே கதவைத் திறக்க மாட்டேங்கிறா!"

அந்தப் பெண் விஞ்ஞானி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வைரஸ்னா மாறும் சார். தன்னைத்தானே காப்பி எடுக்கும்போது எழுத்துப்பிழை விடும். முக்கால்வாசிப் பிழை எதுக்கும் உதவாது. ஒண்ணு ரெண்டு ஆபத்தாகும். அதுக்குத்தான் நாங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"அப்ப இது ஆபத்தான பிழையா?"

"இந்தப் பரபரப்பு வைரஸோட வேலையே இல்ல... மனுஷனோட வேலை!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"அஞ்சு ஊர்ல, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத அஞ்சு பேர் சார். போற வழியில வைரஸ் அங்கங்க பிழை விட்டிருக்கணும். இதுல ஒரு எழுத்துகூடப் பிசகல. ஒரே ஆளோட சளியை அஞ்சு குப்பியில பிரிச்சு, அஞ்சு பேரோட லேபிளை ஒட்டியிருக்காங்க."

"யாரோட சளி?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என்னோடது."

"மேடம்!"

"போன மாசம் எனக்குக் காய்ச்சல். வீட்டுப் பின்பக்க ரூம்ல தனியாப் படுத்துக் கிடந்தேன். அப்ப எடுத்த சாம்பிள்ல இதே மாற்றம் இருந்துச்சு. அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் நாங்க பார்க்காத மாற்றம். சாதுவான வைரஸ் சார். நாலு இருமல் இருமிட்டு எழுந்துட்டேன்."

"சாம்பிள் எடுத்தது யாரு?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என் வீட்டுக்காரர்."

'வாயைத் திற செல்லம்... இன்னும் கொஞ்சம்...' அன்று ஒரு குச்சிக்கு இரண்டு குச்சியாகச் சளி எடுத்தான். 'ஒண்ணு சரியா வரலேன்னா?' என்றான். காய்ச்சல் மயக்கத்திலும் அவளுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்!

"அவருக்கு என்ன உத்தியோகம்?"

"டெஸ்ட் கிட் கம்பெனி. 'உருமாறின வைரஸைக் கண்டுபிடிக்கிற ஒரே கிட் எங்களோடதுதான்'னு நேத்து டி.வி.யில ஒருத்தர் பேசினாரே... அவர்தான்."

கதவு திறந்தது.

அவனேதான்! கையில் சாப்பாட்டு டப்பா. பின்னால் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. கல்லூரியில் இந்த விஞ்ஞானியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"காலையில சாப்பிடாமயே கிளம்பிட்டியேம்மா, அதான்..." என்றவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பேச்சு பாதியில் செத்தது.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க... எதுக்குங்க?"

முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு நாற்காலியில் சரிந்தான்.

"யாரும் சாவாங்கன்னு நினைக்கலம்மா! கொஞ்ச நாள் ஜனங்க பயப்படுவாங்க... கிட் வித்துடும்... அப்புறம் தானா அடங்கிடும்னு..."

தலைவி ஓடி வந்து அவள் தோளை அணைத்தாள்.

"அழாதடி. நான் இருக்கேன்."

அவள் அழவில்லை.

"குப்பிகளை உள்ளே வெச்சது யாருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்! இவ கார்டை எடுத்துட்டு வந்து சாம்பிள் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல!"

"ஃப்ரிட்ஜுக்குக் கார்டே கிடையாதுங்க," என்றாள் அவள் மெதுவாக. "விரல் ரேகைதான். ரெண்டே பேருக்குத்தான் திறக்கும். ஒண்ணு நான்."

தோள்மேல் இருந்த கை நழுவியது.

"என்னையா சொல்றே?" தலைவி சீறினாள். "உனக்கு இந்த வேலையே நான் வாங்கிக் கொடுத்ததுடி!"

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ ஊர்லயே இல்ல. கான்ஃபரன்ஸ்னு போயிருந்தே. வரும்போதே இருமிட்டுத்தான் வந்தே. லேப்ல எல்லாருக்கும் எடுக்கிற டெஸ்ட்ல உன் சாம்பிளும் இருந்துச்சு. காலையில அதையும் பார்த்தேன்."

"பார்த்து?"

"என் வைரஸேதான். ஒரே ஒரு பிழை மட்டும் கூடுதலா!"

"எனக்குப் புரியல மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"குப்பியில கிடக்கிற வைரஸ் பிழை விடாது சார். உயிருள்ள உடம்புல பெருகினாத்தான் விடும். நான் ரூமை விட்டு வெளியவே வரல. உள்ளே வந்து போனது ஒரே ஆள். அந்த வாரக் கடைசியில அவர் 'சேல்ஸ் மீட்டிங்'னு வெளியூர் போனார். என்கிட்டேர்ந்து அவருக்கு... அவர்கிட்டேர்ந்து..."

அவள் தலைவியின் பக்கம் விரலை நீட்டினாள்.

அவன் தரையைப் பார்த்தான். தலைவி அவனைப் பார்த்தாள்... 'வாயைத் திறந்து தொலைக்காதே' என்று. புருஷனை அப்படிப் பார்க்க ஒரு பெண்டாட்டிக்குத்தான் வரும்!

அந்தப் பார்வையில்தான் விஞ்ஞானிக்குள் ஏதோ ஒடிந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகினான்.

"சரி, விடுங்க. அந்த சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. எனக்கு அப்புறம் சொல்லலாம்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தலையை நீட்டினார்.

"ரெண்டு பேரையும் ஒரே ஜீப்ல ஏத்திடட்டுமா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"தனித்தனியா ஏத்துய்யா... இவங்களுக்குச் சமூக இடைவெளி ரொம்ப முக்கியம்!"