புதன்கிழமை பத்து மணி

கதவைத் தள்ளியதும் பெரில் ஹாவர்த்தின் முகத்தில் வெதுவெதுப்பான காற்று வந்து மோதியது. நவம்பர் மாதம். வெளியே விரல் விறைக்கிற குளிர், மணி மூன்றரைக்கே இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. பத்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு, கேஸ் இணைப்பை அடியோடு பிடுங்கி எடுத்த வீடு, ஐஸ்பெட்டி மாதிரி அல்லவா சில்லிட்டிருக்க வேண்டும்? யாரோ இப்போதுதான் சமைத்து முடித்த அடுப்படி மாதிரி இருந்தது. மேல்கோட்டின் முதல் பொத்தானை அவள் கை தானாகக் கழற்றியது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டும்விட்டாள். கேட்ட பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. காலி வீட்டில் யார் இருந்து பதில் சொல்லப் போகிறார்கள்!

நடைவழிச் சுவரில், வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டாள். சுட்டது. உதறிக்கொண்டு கையை இழுத்தாள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, குழாயை அறுத்து மூடியது அவள் கண் முன்னால்தான். படிக்கட்டின் கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கேஸ் மீட்டர் இருந்த இடத்தில் வெறும் பலகை, அதில் நாலு ஆணித் துளை.

வீட்டுத் தரகர் கிரெய்க்குக்கு போன் போட்டாள்.

"யாரையாவது இங்க ஹீட்டர் மாட்ட அனுப்புனீங்களா?"

"இல்லையே பெரில்மா, அது அடுத்த வாரம்தானே. ஏன், ரொம்பக் குளிருதா?"

"இல்ல. சூடா இருக்கு."

"கேஸே இல்லாத வீடு சூடா இருக்கா! விளம்பரத்துல போட்டு வாடகையில நூறு பவுண்டு ஏத்திடலாம்." அவனே சிரித்துக்கொண்டான். பிறகு குரலை இறக்கினான். "நாளைக்கு அந்த ஜோடி வருது, கைக்குழந்தையோட. புடிச்சா அங்கயே கையெழுத்து. இல்ல, வித்துடறதுன்னா அதையும் இன்னைக்கே சொல்லிடுங்க. கவுன்சில் லைசென்ஸ், கரண்ட் சான்றிதழ், ஜன்னல்னு வரிசையா செலவு வருது. சும்மா போட்டு வெச்சிருந்தா வீடு ஆளையே தின்னுடும்."

"ராத்திரிக்குள்ள சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

இன்றைக்கு வந்த வேலை சின்னதுதான். புதுக் குடித்தனம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையும் எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். சுவர், தரை, கதவுப்பிடி, கறை இருந்தால் கறை. இதைப் பெரில் மாதிரி ஒழுங்காகச் செய்கிற வீட்டுக்காரர் அந்தத் தெருவிலேயே கிடையாது. தொழிற்சாலையில் ஓய்வுபெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் அவள் புருஷன் ஃபிராங்க் இந்த வீட்டில்தான் போட்டான், போட்ட மூன்றாம் வருஷம் செத்தும் போனான். அன்றிலிருந்து எல்லாம் அவள் தலையில். அவளும் சும்மா சொல்லக்கூடாது, அட்டைக் கோப்பு ஒன்று வைத்துக்கொண்டு கேஸ் சான்றிதழ், குடித்தனக்காரர் தந்த முன்பணத்தை அரசுத் திட்டத்தில் கட்டிய ரசீது, எல்லாவற்றையும் தேதி பிசகாமல் செருகி வைத்தாள். குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள் நுழைவதென்றால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போய் நிற்பார்கள். பெரில் அப்படி இல்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

அந்தக் கர்வம்தான். ஐயோ, அந்தக் கர்வம்தான்.

போன ஜனவரியில் வருடாந்திர கேஸ் சோதனைக்காக லியானுக்குக் கடிதம் எழுதினாள்: புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம். லியான் அப்போது இங்கே குடியிருந்தாள். இருபத்தாறு வயது, பேக்கரியில் வேலை, ஐந்து வயதில் மெய்சி என்று ஒரு பெண். வாரக் கடைசியில் விற்காத ரொட்டியைக் கொண்டுவந்து பெரில் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். மெய்சி பெரிலின் மடியில் உட்கார்ந்து அவள் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொள்வாள். பிள்ளை இல்லாத பெரிலுக்கு அது என்ன சந்தோஷம் என்று வெளியே சொல்ல வார்த்தை இருந்ததில்லை.

கேஸ்காரர் டெரெக்குக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, வேறு ஒரு வேலை தள்ளிப்போனது. இன்றைக்கே முடித்துவிடலாமே என்று பெரிலைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று தடவை தட்டினார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ குழந்தைகள் பாட்டு.

"சாவிதான் கையில இருக்கே, திறம்மா. கால் மணி நேர வேலை."

"நாளைக்குன்னு எழுதிட்டேன் டெரெக். ஒரு நாள் முன்னாடி போய் உள்ள நின்னா என்ன மரியாதை? தூங்கறாங்களோ என்னவோ."

"உன்னை மாதிரி வீட்டுக்காரியை எங்கயும் பார்த்ததில்ல போ" என்று சிரித்துக்கொண்டே அவர் வேனில் ஏறினார்.

புதன்கிழமை பத்து மணிக்குத் திறந்தார்கள். புகைபோக்கிக்குள் பழைய காக்கைக் கூடு சரிந்து விழுந்து அடைத்திருந்தது. கேஸ் கணப்பின் விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியிருந்தது. அதற்கென்று பெரில் மாட்டிய அலாரத்தில் பேட்டரி இல்லை. மெய்சியின் பொம்மைக்குள் இருந்தது. தாய் திங்கள் இரவே போய்விட்டாள் என்றார் விசாரணையில் பேசிய டாக்டர். குழந்தை செவ்வாய் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உயிரோடு இருந்திருக்கலாம். அவர்கள் தட்டியது பதினோரு மணிக்கு.

வீட்டுக்காரர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதினார்கள். பழைய கேஸ் சான்றிதழ் காலாவதியாக இன்னும் பதினோரு நாள் மிச்சம் இருந்தது, கடிதம் முறைப்படி போயிருந்தது. யாராவது ஒருத்தர் அவளைத் திட்டியிருந்தால்கூட அன்றிரவு தூங்கியிருப்பாள். யாரும் திட்டவில்லை. அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பூட்டில் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்ப விட்டால், இந்த வீட்டையும் தன் வீட்டையும் தன் உயிரையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். அதைத் தவிர அவளுக்கு இப்போது வேறு ஆசை எதுவுமே கிடையாது.

பட்டியலில் முதல் வரி எழுதினாள். நடைவழி: சுவர் வெள்ளை, சுத்தம். பேனா வியர்வையில் வழுக்கியது. மாடியில் படுக்கையறை, குளியலறை எழுதிவிட்டு இறங்கும்போது வெக்கை இன்னும் ஏறியிருந்தது. காற்று வரட்டும் என்று தெருக்கதவை ஓரமாகச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்தாள். வெளியே ஈரத்தில் ஒரு கார் சளக்கென்று போனது. உள்ளே கம்பளம் பிரித்த பலகைத் தரையிலிருந்து பழைய தூசியும் புதுப் பெயின்ட்டும் சேர்ந்த வாசனை, அதற்கு அடியில் வேறு ஒன்று, மெல்ல மெல்லப் பிடிபடுகிற ஒன்று.

வாட்டிய ரொட்டி. வெண்ணெய்.

முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. அது எப்போது சாத்தியது? வரும்போது திறந்துதானே கிடந்தது? கதவுக்கு அடியில் நீலமாக ஒரு வெளிச்சம் ஆடியது. அணைந்து, ஆடியது. தாழ்ந்த சத்தத்தில் குழந்தைகள் பாட்டு.

ஓடிவிடு என்று கால் சொன்னது. தெரு ஐந்தே எட்டு வைக்கிற தூரம்.

அவள் ஓடவில்லை. கதவருகே போனாள். தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே இறக்கினாள்.

தட்டவில்லை. திறந்தாள்.

சோபா இருந்தது. மார்ச் மாதம் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிய அதே சோபா. லியான் ஒரு மூலையில் சாய்ந்திருந்தாள். மெய்சி அவள்மேல் சாய்ந்திருந்தாள். இரண்டு பேர் கன்னமும் நல்ல சிவப்பு, வெயிலில் விளையாடி வந்த மாதிரி. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"பெரில் ஆன்ட்டி" என்றாள் லியான். வாய் அசைந்ததா இல்லையா, தெரியவில்லை. "நேத்து தட்டுனீங்களே."

"தட்டுனேன்டா. தட்டுனேன்."

"மெய்சி கேட்டாளாம். எந்திரிக்கப் பார்த்தாளாம். கால் வரலையாம்."

பெரில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பத்து மாதமாக வராத அழுகை வந்தது. "என்னை மன்னிச்சுடும்மா. சாவி கையிலதான் இருந்துச்சு. கையிலயே இருந்துச்சு. மரியாதை, மரியாதைன்னு..."

"நல்லவங்க நீங்க" என்றாள் லியான். அதில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆன்ட்டி." மெய்சியின் குரல். கரகரவென்று, தூக்கக் கலக்கத்தில். "குளிருது."

நடைவழியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தெருவின் ஈரமும் டீசல் வாசனையும் கலந்த, சுத்தமான, குளிர்ந்த காற்று. அது பட்டதும் பெரிலின் தலையில் இருந்த கனம் கொஞ்சம் விலகியது. அப்போதுதான் தெரிந்தது, தலை எவ்வளவு நேரமாக வலிக்கிறது என்று. கால் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று.

"கதவைச் சாத்துங்க ஆன்ட்டி. ரொம்பக் குளிருது."

பெரில் எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வாசலில் நின்றாள். எதிர்வீட்டில் ஒருத்தி காரிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தாள், இவளைப் பார்த்துக் கை அசைத்தாள். இவளும் அசைத்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும்.

செங்கல்லைக் காலால் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து சாவியைத் திருப்பினாள்.

திரும்பி வந்து சோபாவில் நடுவே உட்கார்ந்தாள். மெய்சி தவழ்ந்து மடிமேல் ஏறினாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி அத்தனை சூடு. இத்தனூண்டு குழந்தைக்கு அத்தனை கனம். லியானின் தலை தோளில் வந்து சாய்ந்தது.

"இப்ப குளிரலையே?"

"இல்ல."

"தூங்கு கண்ணு. ஆன்ட்டி இங்கயேதான் இருக்கேன்."

எதிரே ஜன்னல். தெருவிளக்கின் மஞ்சள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. படிந்தது, மங்கியது, மறுபடி படிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்த அறை. ஒரே ஒரு மூச்சின் ஆவி.

அதுவும் ஓரத்திலிருந்து வற்ற ஆரம்பித்தது. மெதுவாக. உள்நோக்கி. கண்ணாடி சுத்தமாகத் தெளிந்தது.