நனையாத இடம்

ஊரின் பழைய கல்சிலுவைக்குப் போகும் சாலையில் ஓரிடம் மட்டும் நனையாததை பெரில் முதலில் கவனித்தது மாலைத் தேநீர் வேளையில். சோவென்று கொட்டிய மழையில் சர்ச் கூரையும் வேலியும் செம்மறிகளும் ஊறிக் கிடக்க, நடுச்சாலையில் ஆள் நீளத்துக்குத் தார் காய்ந்திருந்தது. அவளுடைய கணவன் கிளிஃபர்டைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் அந்தக் காய்ந்த இடம் அவள் வீட்டை நோக்கி நகர்ந்தது. கூடவே நான்கு ஜோடி பூட்ஸ்களின் சத்தம், ஈரமண் வாசனை, கிளிஃபர்ட் பிடித்த மட்டமான புகையிலையின் நெடி. ஆள் யாரும் இல்லை.

அந்த ஊரில் சவப்பெட்டியைச் சிலுவையின் கீழ்ப்படியில் இறக்கிவைப்பார்கள். வீட்டார் "உன்மேல எனக்கு வருத்தமில்ல" என்று சொன்ன பிறகுதான் மறுபடி தூக்குவார்கள். அறுநூறு வருஷமாகப் பெட்டிகள் உரசிப் படியே குழிந்திருந்தது. ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று பலகை நட்ட அரசாங்கமும் இந்த வழக்கத்தில் தலையிட்டதில்லை. கிளிஃபர்டின் பெட்டி வந்தபோது பெரில்தான் "நிக்காம போங்க" என்று சொல்லிவிட்டாள்.

பெட்டி சுமந்த நால்வரில் ஒருவரான வில்ஃப், இடது தோளைப் பிடித்தபடி வந்தார்.

"குழியில பெட்டி இறங்கிடுச்சு, பெரில். என் தோள்ல பாரம் இறங்கல."

"தைலம் தேய்ங்க."

"ஒரு வார்த்தைதானம்மா. பொய்யாவாவது சொல்லிடு."

"பொய் சொல்லித்தான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். மாடிப்படியில கால் தவறி விழுந்தேன்னு சொன்னேன். வயித்துல இருந்தது போச்சு. ஊரே நம்புற மாதிரி நடிச்சுது. நீங்களும்தான்."

வில்ஃப் தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்.

மறுநாள் காய்ந்த இடம் அவள் வாசல்வரை வந்துவிட்டது. குடைகூட எடுக்காமல் சிலுவைக்கு ஓடினாள். சொல்லிவிடலாம். சொன்னால் தொலைந்துபோவான். குழிந்த படியில் மழைநீர் தேங்கி நின்றது. வாயைத் திறந்தாள். மாடிப்படி ஞாபகம் வந்தது. முதுகில் பட்ட அவன் கை.

"மாட்டேன்."

பின்னால் பூட்ஸ் சத்தம்.

எண்ணினாள். மூன்று ஜோடிதான்.

தூரத்தில், சர்ச் வாசலில், வில்ஃப் தோளை நிமிர்த்தி உள்ளே போனார்.

புகையிலை நெடி. காதருகே பெட்டியின் மரப்பலகை முனகியது.

மழை வலுத்தது. தலை நனைந்தது. முகம் நனைந்தது. வலது தோள் நனைந்தது.

இடது தோளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.