டோக்கன் நாற்பத்தேழு எழுந்திருக்கவில்லை

"டோக்கன் நாற்பத்தேழு!"

ஒலிபெருக்கி அலறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாற்பத்தேழு... யாருங்க நாற்பத்தேழு? வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடணுமா?"

கவுன்ட்டர் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

சுவரோர நாற்காலியில் ஒரு பெரியவர். முகத்தில் துண்டு. கையில் டோக்கன். காலடியில் ஒரு டீ ஃபிளாஸ்க். காலையிலிருந்து அதே இடம், அதே சாய்வு. நகர மன்ற அலுவலகத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கே எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்!

பக்கத்து நாற்காலிப் பெண்மணி அவர் தோளைத் தட்டினாள்.

"பெரியவரே... உங்களைத்தான் கூப்பிடறாங்க."

துண்டு நழுவி விழுந்தது.

கண்கள் பாதி திறந்திருந்தன. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. தலை மெல்ல, மிக மெல்ல, அந்தப் பெண்மணியின் தோளில் சாய்ந்தது.

"வீல்ல்ல்!"

அந்த அலறலில் மாடியில் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மன்றத் தலைவரின் கையிலிருந்து பேனா விழுந்தது.

*

இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். பின்னால் ஏட்டு.

"செத்தது யாரு?"

"கொத்தனார் சார்," என்றாள் கவுன்ட்டர் பெண். கண் கலங்கியிருந்தது. "ஆத்தோரத் தெரு, கடைசி வீடு. அந்தத் தெருவுல பாதி வீடு அவர் கட்டினது. அவரைக் கொத்தனார்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு ரெக்கார்டுலயே பேர் அதுதான்."

உடலைப் பரிசோதிக்க வந்திருந்த டாக்டர், காலடியில் இருந்த ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"தூக்க மாத்திரை மாதிரி தெரியுது. பொடி பண்ணி டீல கலந்திருக்காங்க. பால் இல்லாத கடுந்தேநீர்... அதுல மாத்திரைக் கசப்பு தெரியலை. வயசான உடம்பு வேற. தூங்கினவர் அப்படியே போயிட்டார்."

"இத்தனை பேர் நடுவுலயா?"

"அதான் சார் இந்த ஆபீஸோட சிறப்பு," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"இவர் எதுக்கு வந்தாரு?"

"புகார் குடுக்க சார்! காலையில கதவு திறந்ததுமே வந்து கத்தினாரு. 'என் சம்மதத்தை எவன் போட்டான்?'னு. போன்ல மெசேஜ் வந்திருக்கு. நான் டோக்கன் குடுத்து உட்காருங்கன்னேன்... அப்பவே கேட்டிருக்கலாம்!" அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன சம்மதம்?"

"அதை நான் சொல்றேன்."

படியிறங்கி வந்தார் தலைவர். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. முகம்தான் கசங்கியிருந்தது.

"தொழில் வளர்ச்சிச் சட்டம் தெரியுமா இன்ஸ்பெக்டர்?"

"எனக்குத் தெரிஞ்சது திருட்டு, அடிதடி, கொலை. சுருக்கமா சொல்லுங்க. பல் வலிக்குது."

"ஆத்தோரத் தெருவுல கம்பெனி வருது. வரிச்சலுகை குடுத்தாதான் வருவாங்க. அந்தத் தெருவுல இருக்கற எல்லா வீட்டுக்காரங்களும் சம்மதிச்சாதான் மன்றம் சலுகை குடுக்க முடியும். ஒரே ஒருத்தர் மாட்டேன்னாலும் போச்சு. இன்னைக்கு மீட்டிங்தான் கடைசி."

"மாட்டேன்னது கொத்தனாரா?"

"ஒத்தைக் கால்ல நின்னாரு! 'என் கையால கட்டின வீடு, என் பொணம்தான் போகும்'னாரு. ஆனா நேத்து சாயங்காலம் மனசு மாறி அவரே இந்த மெஷின்ல சம்மதம் பதிவு பண்ணிட்டாரு."

வாசலோரம் நின்றது அந்தத் தானியங்கி மெஷின். ஆள் இல்லாமலே இயங்குவது. எண்ணை அழுத்தி, கட்டைவிரலை வைத்தால் போதும். உதவித்தொகை, வீட்டு வரி, சம்மதம், எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

"வீடு குடுத்தா என்ன கிடைக்கும்?"

"புதுக் குடியிருப்புல வீடு. குடும்பத்துல ஒருத்தருக்குக் கம்பெனியில நிரந்தர வேலை."

"இப்ப அவர் செத்துட்டாரே... சம்மதம் செல்லுமா?"

"சம்மதம் குடுத்துட்டுத்தானே செத்தாரு? தாராளமா செல்லும். குடுக்கறதுக்கு முன்னாடி செத்திருந்தாதான் வம்பு. வாரிசை விசாரிச்சு, முதல்லேர்ந்து..."

"சாகறதுக்குக் கூட முறை வச்சிருக்கீங்க!"

"ஐயோ இன்ஸ்பெக்டர், நான் துக்கத்துலதான் இருக்கேன். மீட்டிங் மட்டும் நடத்திக்கறேனே?"

"நீங்க எங்கேயும் போகக் கூடாது. உட்காருங்க."

தலைவர் உட்கார்ந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்!

"அப்பா!"

வாசலில் ஒரு குரல் வெடித்தது. ஓடி வந்தாள் கொத்தனாரின் மகள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அப்பாவின் காலடியில் விழுந்தாள்.

"எழுந்திருப்பா... வீட்டுக்குப் போகலாம் வாப்பா..."

பின்னால் அவள் கணவன் வந்தான். வேன் டிரைவர். மாமனாரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கவுன்ட்டர் பெண் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தாள்.

"சார்... ஃபிளாஸ்க் கொண்டு வந்து குடுத்தது அந்த மாப்பிள்ளைதான். நான் பார்த்தேன்."

*

"ஃபிளாஸ்க் நீதான் கொண்டு வந்தியா?"

"ஆமா சார். மாமா காலையில ஒண்ணும் குடிக்காம கோவமா கிளம்பிட்டாரு. அதான்."

"டீ யார் போட்டது?"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி அவன் தயங்கினான். தரையில் கிடந்து அழும் மனைவியைப் பார்த்தான்.

"நான்தான் சார்."

"ஓஹோ. சர்க்கரை எவ்வளவு?"

"ரெண்டு ஸ்பூன்."

கவுன்ட்டர் பெண் பட்டென்று சொன்னாள்: "அவருக்குச் சர்க்கரை வியாதியாச்சே! ஒரு துளி தொட மாட்டாரே!"

மாப்பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று.

"பொய் சொல்றே," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "மாமனார் செத்தா யாருக்குடா அந்த நிரந்தர வேலை? உனக்குத்தானே?"

"எனக்கு அந்த வேலையே வேணாம் சார்! மாமா வீட்டை விட்டு வர மாட்டேன்னாரு. நானும் அவர் பக்கம்தான். தினமும் சாயங்காலம் அவரோடதான் உட்கார்ந்து சீட்டு ஆடுவேன். நான் போய் அவரை..."

இன்ஸ்பெக்டர் அவனை முடிக்க விடவில்லை.

"ஏட்டு!"

விலங்கு மாட்டப்பட்டது. 'க்ளிக்' என்ற சத்தத்துக்கு மகள் துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ! அவரை விடுங்க சார்! ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவரு சார் அவரு! அவர் பண்ணலை!"

"அப்ப யார் பண்ணினாங்க?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தூக்குக்கயிறே கழுத்தில் விழுந்துவிட்ட மாதிரி நின்றான் மாப்பிள்ளை. ஆனால் டீ விஷயத்தில் மட்டும் அவன் சொன்னதை மாற்றவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே மெஷினைப் பார்த்தார்.

"நேத்து கொத்தனார் போட்ட சம்மதத்தைக் காட்டும்மா."

கவுன்ட்டர் பெண் தட்டினாள். திரை ஒளிர்ந்தது.

"வலது கட்டைவிரல். முதல் முயற்சியிலயே ஏத்துக்கிட்..."

நிறுத்தினாள். கண்கள் விரிந்தன.

"என்ன?"

"சார்... இது நடக்கவே நடக்காது சார்!"

"எது?"

"கொத்தனாருக்கு ரேகையே கிடையாது! ஆயுசு பூரா சிமென்ட்ல கை வச்சு ரேகை தேஞ்சு போச்சு. அவர் விரலை இந்த மெஷின் ஒரு தடவை கூட ஏத்துக்கிட்டதில்லை. சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, தலைகீழா நின்னு பார்த்தாச்சு. மாசா மாசம் உதவித்தொகைக்கு வந்தா என் கவுன்ட்டர்ல கண்ணைத்தான் படம் பிடிப்பேன். அவர் வந்தாலே பின்னாடி வரிசையில நிக்கறவங்க திட்டுவாங்க!"

இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி மறந்தே போயிற்று.

"அப்ப... கொத்தனார் பேர்ல வேற யாரோட கட்டைவிரலோ பதிஞ்சிருக்கு."

"ஆமா சார்! போன வருஷம் கைரேகை புதுப்பிக்கற முகாம் நடந்துச்சு. வெளியாளுங்க வந்து பண்ணாங்க. ஒரே தள்ளுமுள்ளு. அங்கதான் யாரோ அவர் பேர்ல தன் விரலை வச்சிருக்கணும்..."

"அந்த விரல்காரங்கதான் நேத்து சம்மதம் போட்டிருக்காங்க. இன்னைக்குக் கொத்தனார் புகார் குடுத்தா மாட்டிக்குவாங்க. அதனாலதான் டோக்கன் கூப்பிடறதுக்குள்ள அவரைத் தூங்க வச்சிட்டாங்க!" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "தலைவரே, வாங்க. விரலை வைங்க."

"நானா? நான் மன்றத் தலைவர்!"

"மெஷினுக்கு அது தெரியாது. வைங்க."

கொத்தனாரின் எண் அழுத்தப்பட்டது. தலைவரின் விரல் கண்ணாடியில் இறங்கியது.

"மன்னிக்கவும். பதிவு பொருந்தவில்லை," என்றது மெஷின், தேனொழுகும் குரலில்.

தலைவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"அடுத்து நீ."

மாப்பிள்ளை விலங்குக் கையை நீட்டினான். மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மெஷின் யோசித்தது. யோசித்தது... யோசித்துக்கொண்டே இருந்தது!

"மன்னிக்கவும். பதிவு பொருந்தவில்லை."

"அப்பாடா!" என்றாள் கவுன்ட்டர் பெண், தன்னை மறந்து.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "விலங்கைக் கழட்டுய்யா."

விலங்கு கழன்றதும் மாப்பிள்ளை சின்னக் குழந்தை மாதிரி அழுதான். ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்தான்.

"பார்த்தியா? நான் இல்லே! மெஷினே சொல்லிடுச்சு! வா... நீயும் வச்சிடு."

"எ... எதுக்குங்க?"

"நம்ம வீட்டு மேல ஒரு சொல்லு வரக் கூடாது. தலைவரு வச்சாரு, நான் வச்சேன். நீயும் வச்சிட்டா நாம தலை நிமிர்ந்து மாமாவைத் தூக்கிட்டுப் போகலாம்."

"வேணாங்க... எனக்குத் தலை சுத்துது..."

"அட, ஒரு நிமிஷம்தான். நான் பிடிச்சுக்கறேன், வா."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவனுக்கு அது துக்கத்தின் நடுக்கமாகப் பட்டது. அன்பாக, அவள் உள்ளங்கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, கட்டைவிரலை அவனே கண்ணாடியில் அழுத்தினான்.

இந்த முறை மெஷின் யோசிக்கவே இல்லை.

"வணக்கம், கொத்தனார் அவர்களே! ஆற்றோரத் தெரு, கடைசி வீடு. தாங்கள் நலமுடன் வாழ நகர மன்றம் வாழ்த்துகிறது!"

இன்ஸ்பெக்டர் குனிந்து திரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை இன்னும் அவள் கையை விடவில்லை. விட வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

"மெஷின் தப்பா சொல்லுது சார்," என்றான் மெதுவாக.

"டீ யாருப்பா போட்டது?" இன்ஸ்பெக்டரின் குரலும் தணிந்திருந்தது.

"நான்தான் சார். நான்தான் போட்டேன்."

"இன்னுமா?"

"அவளை ஸ்டேஷனுக்கு இழுப்பீங்கன்னு அப்ப சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன். நான்தான் போட்டேன். என்னையே கூட்டிட்டுப் போங்க."

"போதும்ங்க!"

மகள் அலறினாள். கையை உருவிக்கொண்டாள்.

"அவரை விடுங்க சார். நான்தான். முகாம்ல அப்பா விரல் விழவே இல்லை. 'நீயே பிடிச்சு வைம்மா'ன்னாங்க. அவர் விரலுக்குப் பதிலா என் விரலை வச்சேன். அப்ப கெட்ட எண்ணம் இல்லை சார். வெயில்ல அவரை அலைய விடாம நானே தொகையை எடுத்துக்கலாம்னுதான். அதுக்கும் அப்பா ஒத்துக்கலை. 'என் காசை நானே போய் வாங்குவேன்'னு இங்கேயே வந்தாரு."

"அப்புறம் கம்பெனி வந்துச்சு."

"ஆமா! நான் படிச்சிருக்கேன் சார். அந்த வேலை எனக்குக் கிடைக்கும். மழைக்கு ஒழுகாத வீடு கிடைக்கும். அப்பா, இவரு, ரெண்டு பேர் கால்லயும் விழுந்தேன். ரெண்டு பேரும் சீட்டுக்கட்டை வச்சுக்கிட்டு சிரிச்சாங்க! அதான் நேத்து நானே போட்டேன். மெசேஜ் போகும்னு எனக்குத் தெரியாது..."

"மாத்திரை?"

"தூங்கட்டும்னுதான் போட்டேன் சார். மீட்டிங் முடியற வரைக்கும் தூங்கட்டும்னு..."

"எத்தனை போட்டே?"

அவள் தலை குனிந்தது. உதடுகள் அசைந்தன.

"அட்டை முழுசும்."

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்தான். மாமனாரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விழுந்து கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினான். பிறகு அதே துண்டின் நுனியால் தன் முகத்தையும் மூடிக்கொண்டான்.

ஏட்டு விலங்கை மறுபடி எடுத்தார். இந்த முறை அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மகள் வாசலைத் தாண்டும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். துண்டு அசையவில்லை.

தலைவர் மெல்ல எழுந்து வந்தார்.

"இன்ஸ்பெக்டர்... அப்ப அந்தச் சம்மதம்?"

"செல்லாது. அது கொத்தனார் குடுத்ததில்லை. இனிமே வாரிசு யாருன்னு நீங்க முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அதுக்குள்ள கம்பெனி போயிடுமே! சலுகைச் சட்டத்துல இன்னைக்குத்தானே கடைசி? மேலிடத்துல கேட்டா ஏதாவது வழி கிடைக்குமா? நான் யாரைப் பார்க்கணும்?"

இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி திரும்ப வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாசலோரம் இருந்த டோக்கன் பெட்டியைக் காட்டினார்.

"எல்லாரையும் மாதிரி ஒரு டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க தலைவரே, கூப்பிடுவாங்க... டீ மட்டும் யார் குடுத்தாலும் குடிச்சிடாதீங்க!"