கீழே இருக்க வேண்டிய இலை

“...போட மாட்டேன்னா மாட்டேன்தான். பேனாவ இன்னும் பத்துத் தடவ வேணும்னாலும் நீட்டுங்க. கை வலிக்கப் போறது உங்களுக்குத்தான்.”

“கொஞ்சம் மெதுவா பேசும்மா. சாப்பிட வந்தவங்க எல்லாம் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும். எம்மேல பழி போட்டப்பவும் அவங்க முன்னாடிதானே போட்டீங்க?”

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதல் ஆள் தந்தி. அது அவளுடைய பெயரல்ல. எந்தச் சேதியையும் அது நடந்து முடிவதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிடுவாள் என்பதால், சின்ன வயதில் அவள் அண்ணன் வைத்த பட்டம். கல்யாணமாகி வந்த அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டார். அந்த அண்ணி இப்போது எதிரே உட்கார்ந்து, சண்டைப் பக்கம் திரும்பாமல், கைதுடைக்கும் துணியை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் வழிப்பயணிகள். ஒரு ரயிலிலிருந்து இறங்கியாயிற்று. அடுத்த ரயில் மூன்றரைக்கு. நடுவில் கிடைக்கும் இந்த மதிய நேரத்துக்காக இரண்டு மாதத்துக்கு முன்பே தந்தி இங்கே இடம் பிடித்து வைத்திருந்தாள். பர்கரைத் தவிர வேறெதுவும் தராத கடை. மொத்தமே ஆறு மேசை. மேசைக்கு மேசை பித்தளை விளக்கு, கல்லைப் போல் கனக்கும் முள்கரண்டி, ஜன்னலுக்கு வெளியே சரிந்து இறங்கும் தெரு. பட்டியல் என்று வந்தது ஒரே ஒரு அட்டை. அதில் நான்கு பர்கர்கள். அடியில் ஒரு வரி: “எங்கள் பர்கரில் லெட்டூஸ் இலை இறைச்சிக்குக் கீழேதான் இருக்கும். மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.”

அந்த வரியைப் படித்ததுமே தந்திக்குக் கடையைப் பிடித்துப்போயிற்று. “சாப்பிட வந்தவங்கள மிரட்டுற கடைய இப்பத்தான் அண்ணி பார்க்கிறேன்,” என்றாள்.

அதற்கப்புறம்தான் வினை வந்தது. பக்கத்து மேசைத் தாடிக்காரர் முதல் வாய் கடித்தார், முகத்தைச் சுளித்தார், வாயிலிருந்து ஒரு கம்பியை இழுத்தார். விரல் நீளம், தலைமுடி போல் மெல்லியது, சுருள் சுருளாக இருந்தது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரிலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பரிமாறிய ஆள் ஓடி வந்து தட்டை எடுத்துப் போனார். முதலாளி வந்தார். ஐந்தே நிமிடத்தில் ஒரு கடிதமும் வந்தது: இரும்புக் கல்லைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டு அப்படியே அதன்மேல் இறைச்சியைச் சுட்டேன், தவறு என்னுடையது, இன்றோடு விலகிக்கொள்கிறேன்.

அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்தான் பேனாவை மறுத்துக்கொண்டு நின்றவர். கடையில் எல்லோரும் அவரைக் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். பதினொரு வருடமாக அந்தச் சூடான இரும்புக் கல்லின் முன்னால் நிற்பவர். உயரமான பெண்மணி, முழங்கை வரை சுருட்டிய சட்டை, கையில் கல்லைச் சுரண்டும் பட்டைத் தகடு.

“என் கிச்சன்ல கம்பி நாரே கிடையாது,” என்றார் கல்லக்கா. “கல்ல இந்தத் தகட்டாலதான் சுரண்டுறேன். இதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கு இந்தக் கிச்சன் போகும், நாளைக்கு வேற எந்தக் கிச்சனும் என்னைச் சேர்க்காது. ரெண்டரை மணிப் பந்திக்கு வேற ஆள வச்சுக்கோங்க, வேணாம்னு சொல்லல. ஆனா செய்யாததச் செஞ்சேன்னு எழுதித் தர மாட்டேன்.”

முதலாளி பாவம் போல் நின்றார். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றவர் அவருடைய மைத்துனர், வீட்டுக்காரியின் தம்பி. வழக்கமாகப் பரிமாறுகிறவருக்குப் பல்வலி என்பதால் இன்று அவர்தான் தட்டுத் தூக்கினார். கடிதம் எழுதியதும் அவர்தான்.

“எதுக்கு மாமா இவ்வளவு பேச்சு?” என்றார் மைத்துனர். “கம்பி வந்தது வந்ததுதானே? அடுப்படியில வேற யாரு நின்னா?”

தந்திக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டாள். “சார், ஒரு நிமிஷம். எங்க அண்ணி இதப் பார்த்துச் சொல்லத்தான் சம்பளம் வாங்குறாங்க.”

“தந்தி,” என்றார் அண்ணி.

“உண்மைதானே அண்ணி? எங்க தீப்பிடிச்சாலும் போய்ப் பார்த்து, அது தானா பிடிச்சுதா, பிடிக்க வச்சாங்களான்னு காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதித் தர்றவங்க. போன மாசம் ஒரு பஞ்சு குடோன்...”

“உட்காரு,” என்றார் அண்ணி. பிறகு கல்லக்காவைப் பார்த்தார். “நீங்க கேட்டா பார்க்கிறேன். நீங்க கேட்காம அடுத்தவங்க வேலையில நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.”

கல்லக்கா தலையாட்டினார். “பாருங்க. எம்மேல தப்புன்னு வந்தாலும் பரவாயில்ல, அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

அண்ணி முதலில் கேட்டது அந்தப் பர்கரை. அது இல்லை. “குப்பையில போட்டு, குப்பையும் போயிடுச்சு. அத மேசையில வச்சுக்கிட்டா இருக்க முடியும்?” என்றார் மைத்துனர். கம்பி மட்டும் தாடிக்காரரிடம் இருந்தது. காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். தந்தி கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். சட்டத்தின் குட்டித் திருகாணிகளைப் பார்க்கும் லென்ஸ் எப்போதும் அவள் பையில் இருக்கும். அதைத் துடைத்து அண்ணியிடம் பெருமையாக நீட்டினாள்.

“என்ன நிறம்?” என்று அண்ணி அவளிடமே கேட்டார்.

“வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு அண்ணி. புத்தம்புதுசு.”

“சரி.” அண்ணி தாடிக்காரர் பக்கம் திரும்பினார். “சாப்பிடறதுக்கு முன்னாடி படம் எடுத்தீங்களே, அதக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

“எடுத்தேன். சாப்பிட்ட இடத்தில எல்லாம் எடுக்கிற பழக்கம்,” என்றார் தாடிக்காரர், குற்றம் செய்தவர் போல. “இங்க அவசரப்பட்டு, தட்டு மேசையத் தொடறதுக்குள்ள எடுத்துட்டேன்.”

அண்ணி படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். தந்தியும் எட்டிப் பார்த்தாள். பளபளக்கும் பன், அதன் தலையில் குத்திய மூங்கில் குச்சி, தட்டின் ஓரத்தில் பரிமாறியவரின் கட்டைவிரல், வெள்ளைச் சட்டைக் கை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசிதான் கூடியது. வேறொன்றும் பிடிபடவில்லை.

“கல்லக்கா, அடுக்கினதும் என்ன செய்வீங்க?”

“குச்சியக் குத்தி, அடுப்படி ஜன்னல் பலகையில வச்சு மணியடிப்பேன். அங்கேருந்து இந்த ரூமுக்கு ஒரு நடை இருக்கு, ரெண்டு பக்கமும் சுவரு. எட்டடி. அந்த நடையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

“குச்சி சரியா உட்காரலன்னா எடுத்துத் திரும்பக் குத்துவீங்களா?”

“பதினொரு வருஷமா குத்துறேன்மா. ஒரே குத்துத்தான்.”

அண்ணி தலையசைத்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, மைத்துனரைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்கு மூணரைக்கு ரயில். பசி காதை அடைக்குது. இந்தம்மா இப்ப அடுப்படிக்குப் போற மாதிரி தெரியல. நீங்க ஒண்ணு செஞ்சு தர முடியுமா?”

தந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணிக்குச் சாப்பாடா? ஆனால் மைத்துனரின் முகம் மலர்ந்துவிட்டது. “தாராளமா. அடுத்த மாசம் விமான நிலையத்துல ரெண்டாவது கடை திறக்கிறோம். அங்க வேலைக்கு வர்றவங்களுக்கு மூணு வாரமா நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். இவங்க இல்லன்னா கடையே நடக்காதுன்னு யாரும் நினைக்க வேண்டாம்.”

எல்லோரும் அடுப்படி ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார்கள். கல் சூடேறியது. மைத்துனர் இறைச்சி வட்டை எடுத்துப் போட்டார். சொய்யென்று சத்தம் எழுந்தது. அந்த வாசனையில் தந்திக்குக் கண்ணே இருட்டியது.

“உங்க கம்பியில பாதிய எடுத்துக்கலாமா?” என்று தாடிக்காரரிடம் கேட்டுவிட்டு, அண்ணி அதை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி காகிதத்துக்குள் போயிற்று. மறு பாதியை ஜன்னல் வழியாகவே கல்லின் ஓரத்தில் வைத்து, தகட்டால் அழுத்திப் பிடிக்கும்படி கல்லக்காவிடம் சொன்னார்.

இறைச்சி ஒரு பக்கம் வெந்து திரும்புவதற்குள் கம்பியின் வெள்ளி மங்கியது. முதலில் வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு. மறுபக்கமும் வெந்து, அதன்மேல் பாலாடைக்கட்டி உருகியபோது, கம்பி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது.

“எரிஞ்ச இடங்கள்ல நான் முதல்ல தேடுறது இதத்தான்,” என்றார் அண்ணி. “எவ்வளவு சூடு பட்டுதுன்னு இரும்பு தன் உடம்புலயே எழுதி வச்சிரும். சாகிற வரைக்கும் மறக்காது. இவர் வாயில வந்த கம்பி வெள்ளியா இருந்துச்சு. அது இந்தக் கல்லப் பார்த்ததே இல்ல. இறைச்சி வெந்து முடிஞ்சு, கல்ல விட்டு இறங்கின பிறகுதான் உள்ள போயிருக்கு. கடிதத்துல எழுதியிருக்கிறது பொய்.”

முதலாளி கடிதத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

“அப்ப அடுக்கும்போது போட்டிருப்பாங்க,” என்றார் மைத்துனர், வேலையை நிறுத்தாமலே. “தெரியாமப் போட்டாங்களோ, தெரிஞ்சே போட்டாங்களோ.” அவர் கைகள் வேகமாக அடுக்கின. குச்சியைக் குத்தி, தட்டை ஜன்னல் பலகையில் வைத்து, மணியைக்கூட அடித்தார். “இந்தாங்க. சாப்பிட்டுப் பாருங்க.”

தந்தி தட்டை நோக்கிக் கை நீட்டினாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிடாத. பாரு. இலை எங்க இருக்கு?”

தந்தி பார்த்தாள். கீழே பன். அதன்மேல் இறைச்சி, பாலாடைக்கட்டி, வெங்காயம். அதற்கும் மேலே, மூடியிருந்த பன்னுக்கடியில், பச்சையாக இலை எட்டிப் பார்த்தது. அட்டையில் படித்த வரி அவள் நெஞ்சுக்குள் மணியடித்தது.

“மேல இருக்கு,” என்றாள். வாய்க்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தந்தியின் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அண்ணி தாடிக்காரரின் கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். படத்திலும் இலை மேலேதான் இருந்தது.

கல்லக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே வேறு. “இது நான் அடுக்கினது இல்ல. இலைய மேல வச்சா அடி பன் சாறு குடிச்சு ஊறிப்போயிரும். கீழ வச்சா இலை சாற வாங்கிக்கும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் கை கீழதான் வைக்கும்.”

“தெரியும்,” என்றார் அண்ணி. “பன்னோட தலையப் பாருங்க. குச்சிக்குப் பக்கத்துலயே இன்னொரு ஓட்டை. ஒரே குத்துன்னு சொன்னீங்க. இதுல ரெண்டு குத்து. யாரோ குச்சிய உருவி, மூடியத் திறந்து, கம்பிய உள்ள வச்சிருக்காங்க. அடுக்கு சரிஞ்சிருக்கும். அவசரத்துல திரும்ப அடுக்கும்போது, கை தனக்குப் பழகின மாதிரி அடுக்கிடுச்சு.”

“அந்தத் தாடிக்காரரே செஞ்சிருக்கலாமே?” என்றார் மைத்துனர்.

இந்தத் தடவை தந்தி முந்திக்கொண்டாள். “எப்படிச் செய்வாரு? படத்துல தட்டு இன்னும் கையிலதான் இருக்கு. இதோ கட்டைவிரல், இதோ வெள்ளைச் சட்டை. மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே இலை மேல ஏறிடுச்சு சார். நடுவுல இருக்கிறது அந்த எட்டடி நடைதான். அதுல நடந்தது நீங்கதான்.”

அண்ணி அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“புதுக் கடையில இலை மேலதான்,” என்றார் மைத்துனர். “இப்ப நான் அடுக்கினது... அது பழக்கதோஷம்.”

“அதே பழக்கதோஷம்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியும் வந்திருக்கு,” என்றார் அண்ணி.

“ஏன்டா?” என்று முதலாளி கேட்டார்.

பதில் கல்லக்காவிடமிருந்து வந்தது. “ரெண்டு கடைக்கும் ஃபேக்டரியில உறைய வச்ச இறைச்சி வட்டு வரணும்னு இவரு சொன்னாரு. நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கல்லுல அது ஏறாதுன்னு நான் சொன்னேன். நீங்களும் என் பக்கம் நின்னீங்க. நான் போயிட்டா நீங்க யார் பக்கம் நிப்பீங்க?”

மைத்துனர் தன் அக்காவின் பெயரை இழுத்து என்னவோ முணுமுணுத்தார். முதலாளி அவரைப் பார்க்காமலே வாசலைக் காட்டினார். வெள்ளைச் சட்டை கதவைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போவதைத் தெரு ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். தாடிக்காரர் அதையும் ஒரு படம் எடுத்தார்.

எல்லோரும் மேசைகளுக்குத் திரும்பியபோது மணி இரண்டு இருபது. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

“கல் சூடாத்தான் இருக்கு,” என்றார் முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு. “நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சுக்காதம்மா. உள்ள போ.”

கல்லக்கா போகவில்லை. மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துத் திருப்பி, எழுதாத பக்கம் மேலே வரும்படி வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

“எல்லார் முன்னாடியும் பழி போட்டீங்க. மனசுல வச்சுக்காதன்னு தரையப் பார்த்துச் சொன்னா எப்படி? அந்தப் பக்கத்துல என்னைப் பத்தி எழுதியிருக்கிறது பொய்யின்னு, இந்தப் பக்கத்துல உங்க கையால எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க. உள்ள வர்றவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி வாசல் கண்ணாடியில ஒட்டுங்க. அப்புறம் கல்லப் பத்திப் பேசலாம்.”

முதலாளி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தந்தி தன் பசியை மறந்து, நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். அண்ணி துணியை மறுபடி நான்காக மடித்தார்.

கல்லக்கா பேனாவை நீட்டியபடியே நின்றார். கை வலிப்பதாகத் தெரியவில்லை.

“எழுதுங்க,” என்றார்.