மூடாத முனை

மைவி காரின் பின்சீட்டில் வைத்து, இருக்கைப் பட்டையும் மாட்டித்தான் லோஷினி அந்த ஸ்கேனரைக் கொண்டுவந்தாள். குளுவாங்கில் ஸ்டுடியோ நடத்தி இழுத்து மூடிவிட்ட கமலநாதன் அண்ணன் கொடுத்தது. பாலோவில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் செம்பனைக் காட்டின் மேல் மழை கட்டிக்கொண்டு நின்றதில், வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"அலமாக், என்னம்மா இது? மைக்ரோவேவா?" என்று சிரித்தார் அப்பா ஐயாசாமி.

"அம்மாவப் பாக்கற மெஷின்."

அவர் சிரிப்பு நின்றது.

லோஷினி பால்குடிக்கும்போதே அம்மா ரூபினி செத்துப்போனாள். பிறகு வந்த வெள்ளம் ஆல்பங்களைக் கூழாக்கியது. அவளது அடையாள அட்டையை மரணத்தைப் பதிந்தபோதே வாங்கிக்கொண்டார்கள். வீட்டின் முதல் பட்டதாரியான லோஷினியைப் பார்த்து, அப்படியே அம்மா ஜாடை என்று ஊரே சொல்லும். அந்த ஜாடை என்ன ஜாடை என்று அவளுக்கு மட்டும் தெரியாது. பிஸ்கட் டின்னில் தப்பியது ஒரே ஒரு துண்டு நெகடிவ். அதிலும் பூஞ்சை. கைப்பேசியில் எடுத்தால் வெறும் புகை. இந்தப் பழைய ஸ்கேனர்தான் பூஞ்சையைத் தாண்டிப் பார்க்கும் என்றார் கமலநாதன்.

"அது வேணாம் பாப்பா. சாவு வீட்ல, நூல் அறுக்கறதுக்கு முன்னாடி எடுத்தது."

தோட்டத்து லய வீடுகளின் அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். பால்குடிப் பிள்ளையை விட்டுச் செத்தவள் கைக்கும் பிள்ளையின் கைக்கும் நூல் கட்டி அறுப்பார்கள், தேடி வரக்கூடாதென்று. அறுத்ததும் முகத்தை மூடிவிடுவார்கள். அதற்கு முன் எடுத்த படத்தைப் பிரதி போடக்கூடாது. போட்டால் அறுத்தது அறுந்ததாகாதாம்.

"இதச் சொல்லிச் சொல்லியே என்னைக் குருடாக்கி வெச்சிருக்கீங்க. ஊர்ல எல்லாரும் அம்மா படத்துக்கு மாலை போடறாங்க. நான் யாருக்குப்பா போடறது, செவுத்துக்கா?"



ஸ்கேனரின் தடித்த பிளக்கை ஒரு அடாப்டரில் சொருகி, அதை இன்னொன்றில் சொருகி, அதைப் புது மடிக்கணினியின் நகக்கண் அளவுத் துளையில் சொருகினாள். கமலநாதன் போனில் இருந்தார்.

"பின்னாடி இன்னொரு வாய் இருக்கும்மா. அதுக்கு ஒரு மூடி இருக்கு, மாட்டிரு. தொறந்து கெடந்தா போன சிக்னல் முட்டித் திரும்பி வரும். இல்லாத மெஷினெல்லாம் இருக்குன்னு காட்டும்."

ஸ்கேனரோடு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மூடி இல்லை.

"ஒரு படம்தானே லா, பாத்துக்கறேன்," என்று போனை வைத்தாள்.

திரையில் வந்த கருவிப் பட்டியலில் நான்காம் எண்ணில் ஸ்கேனர். ஐந்தாம் எண்ணிலும் ஏதோ ஒன்று, பெயரில்லாமல். அண்ணன் சொன்னதுதான் என்று அவள் சட்டை செய்யவில்லை.

நெகடிவை உள்ளே வைத்ததும் ஸ்கேனர் பல்லைக் கடிப்பதுபோல நறநறத்தது. படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. தார்ப்பாய். குனிந்த பெண்களின் தலைகள். சவப்பெட்டியின் விளிம்பு. நெற்றியில் வைத்த காசு.

புருவம் தொடங்குமிடத்தில் நின்றுவிட்டது.

"ச்சை!" மேசையைக் குத்தினாள்.

ஸ்கேனரின் விளக்கு அணைந்தது. ஆனால் அடுத்த படம் வரத் தொடங்கியது.

ஐந்தாம் எண்ணிலிருந்து.

அதில் பெட்டி இல்லை. மேலே தார்ப்பாய், சுற்றிலும் கீழே குனிந்து பார்க்கும் முகங்கள். மீசை கறுத்த அப்பா அழுதுகொண்டிருந்தார். அவர் கையில் குழந்தை. அதன் மணிக்கட்டிலிருந்து ஒரு நூல், பார்ப்பவரை நோக்கி இறங்கி வந்தது.

பெட்டிக்குள் படுத்துக்கொண்டு பார்த்தால்தான் அப்படித் தெரியும்.

அறையில் புளித்த பால் வாடை.

அடுத்தது, வெள்ளத்தில் அப்பாவின் தோளில் ஏறியிருக்கும் சிறுமி, தண்ணீர் மட்டத்திலிருந்து. அடுத்தது, பட்டமளிப்பு அங்கியில் லோஷினியின் முதுகு. அடுத்தது, மைவியை ஓட்டிவரும் அவளது பின்னந்தலை.

எல்லாம் ஒருத்தி பார்த்தவை. எவள் பார்வையிலும் அவளுடைய சொந்த முகம் விழாது.

கடைசிப் படத்தில் லோஷினியின் தலைமுடி மட்டும், மூச்சுப் படும் கிட்டத்தில். அதற்கு அப்பால் இதே மேசை, இதே திரை.

அப்பா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். நான்காம் எண் மறைந்தது.

ஐந்து அங்கேயே இருந்தது.

"திரும்பாத பாப்பா."

வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது அந்த ஒரு முகத்தைத்தான். திரும்பினாள்.

சுவர்.

"யாருமில்லப்பா," என்று அப்பா பக்கம் பார்த்தாள்.

அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே நிலைகுத்தி நின்றன.

"நீ எந்தப் பக்கம் திரும்புனாலும்," என்றார், "அவ உன் முதுகுக்கே வந்து நிக்கிறா."

லோஷினி கேட்டாள்.

"அம்மா... எப்படிப்பா இருக்காங்க?"

அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

கழுத்தோரம் விழுந்திருந்த முடியை, ஈர விரலொன்று மெல்ல எடுத்து அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.